கைம்மை நோன்பும் காலை ஓட்டமும்

எசன் மத்திய ரயில் நிலையத்தில் எஸ்6 ரயில் பிடித்துத் தெற்கே போனால், கால் மணி நேரத்துக்குள் ஹ்யூகல் என்றொரு சின்ன நிறுத்தம். கதவு திறந்ததும் எதிரே தண்ணீர். நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன ஊரில் இப்படி ஓர் ஏரியா என்று முதல் தடவை வருகிறவர்கள் திகைப்பார்கள். பால்டெனை ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. ருர் ஆற்றை மறித்து 1931 முதல் 1933 வரை, வேலையின்மை உச்சத்தில் இருந்த காலத்தில், வேலையற்றவர்களின் கைகளைக் கொண்டே வெட்டிய நீர்த்தேக்கம். கரையைச் சுற்றி வர 14 கிலோமீட்டர் போல ஆகும். 1963இல் இங்கே தொடங்கிய மாரத்தான் ஜெர்மனியின் மிகப் பழைய மாரத்தான்களில் ஒன்று. ஆற்று நீர் அழுக்கு என்பதால் 1971இல் இந்த ஏரியில் குளிக்கத் தடை போட்டார்கள். தடை நீங்கி மறுபடி ஜனங்கள் இறங்கியது 2017இல்தான்.

நாற்பத்தாறு வருஷம் இறங்கக் கூடாது என்றிருந்த தண்ணீர். காதல் நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட வசதியான உருவகம் கிடைக்காது. கிடைத்தும் அதைத் தொடாமல் விடுகிறவர்தான் நல்ல நாவலாசிரியர் என்பேன்.

நாவல் பேச்சு எதற்கென்றால், மேற்கே இன்றைக்குப் புத்தகக் கடை மேசைகளில் ஒரு வகைக் கதை நிறையக் கிடக்கிறது. துணையை இழந்த ஒருத்தி. மாதக்கணக்கில் படுக்கை, திரைச்சீலை, பாதி சாப்பிட்ட தட்டு. ஒரு நாள் யாரோ அவளை வெளியே இழுக்கிறார்கள். நடக்கிறாள், ஓடுகிறாள், எடை தூக்குகிறாள். மூச்சு வாங்குகிற இடத்தில் இன்னொரு மனிதன் நிற்கிறான். 2004இல் வந்த ஐரிஷ் எழுத்தாளர் சிசிலியா அஹெர்னின் 'பி.எஸ். ஐ லவ் யூ', இளம் விதவையைக் காதல் நாவலின் நடுக்கூடத்தில் உட்கார வைத்தது. இறந்த கணவன் எழுதி வைத்துப் போன கடிதங்கள் அவளை ஒவ்வோர் அடியாக வெளியே கூட்டிவரும். ஜெர்மனியில் மோனிகா பேட்ஸ் 2010இல் எழுதிய 'செவ்வாய்க்கிழமைப் பெண்கள்' நாவலில், செத்துப்போன கணவன் பாதியில் விட்ட யாத்திரைப் பாதையை முடித்து வைக்க ஒரு விதவை தோழிகளோடு லூர்து நோக்கி நடக்கிறாள். காலில் கொப்புளம் வந்த பிறகுதான் உண்மைகளும் வெளியே வருகின்றன.

நமக்கு இந்தக் கதை புதிதா? 2008 நவம்பரில் வந்த 'வாரணம் ஆயிரம்' படத்தை நினைத்துப் பாருங்கள். காதலி அமெரிக்காவில் குண்டுவெடிப்பில் இறக்கிறாள். சூர்யா போதையில் விழுகிறார். எழுகிறார். உடம்பை முறுக்கேற்றுகிறார், ராணுவத்தில் சேர்கிறார், இன்னொருத்தியைக் கைப்பிடிக்கிறார். துக்கம், உடற்பயிற்சி, மறுபடி காதல், மூன்றும் அதே வரிசையில். ஒரு தலைமுறைப் பையன்கள் ஜிம்முக்குப் பணம் கட்டியதில் கௌதம் மேனனுக்கும் பங்கு உண்டு. இன்னும் பின்னால் போனால் 1983இல் பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு'. கைக்குழந்தையோடு மனைவியை இழந்த வாத்தியார், அவரை விடாப்பிடியாகத் துரத்தும் பரிமளம். அந்தப் படத்து முருங்கைக்காய் நாற்பது வருஷம் கழித்தும் தமிழ்நாட்டில் காய்கறிப் பட்டியலுக்குள் திரும்பவில்லை.

இரண்டிலும் இழந்தவன் ஆண். அவன் உடம்பைத் தேற்றினால் கைதட்டல், மறுபடி மணந்தால் சிரிப்பு. இதே கதையை ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு எழுதிப் பார்த்தால் என்ன என்றுதான் எசனில் நடக்கும்போது தோன்றியது. எழுதப்படாத அந்த நாவலின் நாயகிக்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை. வயது 49. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் உணவகச் சமையலறையில் இருபத்தைந்து வருஷம் நின்றவர், ஒரு காலையில் எழும்பவில்லை. பிள்ளைகள் வேறு நகரங்களில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்தவர்கள் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே தொடங்குகிறது கதை.

முதல் அத்தியாயத்தில் அவளுக்கு நெஞ்சு வலிக்க வேண்டும். மிகையென்று நினைக்காதீர்கள். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நிலையை விவரித்தார்கள். பேரதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடது கீழறை பலூன் போல உப்பி நிற்கிறது. மாரடைப்பின் அத்தனை அடையாளமும் உண்டு, குழாயில் அடைப்பு மட்டும் இல்லை. உப்பிய வடிவம், அங்கே மீனவர்கள் எண்காலி பிடிக்கிற பானையைப் போல இருந்ததால் 'டகோட்சுபோ' என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆண்களின் நெஞ்சும் தப்புவதில்லை. 1969இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் காலின் மர்ரே பார்க்ஸும் கூட்டாளிகளும் மனைவியை இழந்த, 55 வயது தாண்டிய 4,486 பேரின் கணக்கைக் கொடுத்தார்கள். முதல் ஆறு மாதத்துக்குள் 213 பேர் போய்விட்டார்கள். அதே வயதில் மனைவியோடு வாழ்கிறவர்களிடம் எதிர்பார்க்கிற சாவைவிட இது 40 சதவீதம் அதிகம். 'அவள் போன கையோடு அவரும் போயிட்டார்' என்று கிராமத்தில் சொல்வதற்கு எண்ணிக்கை கிடைத்துவிட்டது.

துக்கம் மனசிலே இருக்கிறது என்று பேசுகிறோம், இருப்பதென்னவோ உடம்பில். இதை அறிய நம்மவர்கள் ஜப்பானுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. தொல்காப்பியம் இரண்டு நிலைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. காதலியை இழந்தவனுக்குத் தபுதார நிலை. காதலனை இழந்தவளுக்குத் தாபத நிலை. பெயரிலேயே வழி பிரிந்துவிடுகிறது. தபுதாரன் என்றால் தாரத்தை இழந்தவன், அவ்வளவுதான். அவன் அழலாம், பாட்டுக் கட்டலாம். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தன் தேவி தீயில் கிடக்கத் தான் இன்னும் உயிரோடிருப்பதை நொந்து பாடியது புறநானூற்றில் 245ஆம் பாட்டாக இருக்கிறது. பாடி முடித்து அவன் வீடு திரும்பியிருப்பான். தாபதம் தவம். பெண் அழுதால் போதாது, தவம் செய்ய வேண்டும். அடுத்த பாட்டிலேயே பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, விதவைக்கு என்ன காத்திருக்கிறது என்று சான்றோருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, அதற்குத் தீயே மேல் என்று இறங்கிவிடுகிறாள். நெய் இல்லாத பிழிந்த சோறு, வேளைக் கீரை, பாய் விரிக்காத கல்தரை. இன்னொரு புலவர் அல்லி விதையைச் சொல்கிறார். இளமையில் எந்த ஆம்பலின் தழையை உடுத்தினாளோ அதன் புல்லரிசியே இப்போது அவளுக்கு ஆகாரம்.

இந்தப் பட்டியலை ஒரு முறை உடற்பயிற்சிக்கூடத்துக் கண்ணோடு படித்துப் பாருங்கள். உணவுக் கட்டுப்பாடு, படுக்கை ஒழுங்கு, நேர அட்டவணை. கைம்மை நோன்பு என்பது உடம்புக்கு விதித்த பயிற்சிதான், தலைகீழான பயிற்சி. உடம்பைத் தேற்றுவதற்குப் பதில் கரைப்பது. யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குக் கரைத்துவிட்டால் பயிற்சி வெற்றி. மொட்டையும் வெள்ளைச் சேலையும் போய்விட்டன என்று நாம் ஆறுதல் அடையலாம். ஆனால் எங்கள் வீடுகளில் கணவர் போன பிறகு கடும் நிறத்தை விட்டவர்கள், கல்யாண வீட்டில் பின்வரிசைக்குப் போனவர்கள், 'இனி எனக்கென்ன' என்று பல் வைத்தியரிடம்கூடப் போகாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் விரல் போதாது. யாரும் கட்டளை இடவில்லை. நோன்பு அதுவாகவே நடக்கிறது.

ஆகையால் என் நாயகி காலணி வாங்குகிற காட்சி சின்ன விஷயமில்லை. ஈராயிரம் வருஷத்துப் பயிற்சித் திட்டத்தை அவள் மாற்றுகிறாள்.

அவளாக மாற்றமாட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேதான் ஜெர்மனி வருகிறது. இந்த நாட்டில் உடற்பயிற்சியை வைத்தியர் சீட்டில் எழுதலாம். 56ஆம் எண் படிவம். வீட்டு வைத்தியர் கையெழுத்துப் போட்டு, கிராங்கன்காசா என்று நம் ஆட்கள் சொல்லும் மருத்துவக் காப்புறுதி ஒப்புக்கொண்டால், வழக்கமாக 18 மாதத்துக்குள் 50 தடவை குழுவோடு பயிற்சி, செலவு அவர்களுடையது. இதயக்காரர்களுக்கு 90 தடவை, 24 மாதம். 'ரேஹா ஸ்போர்ட்' என்று பெயர். நாயகிக்கு இந்தப் படிவம் எவ்வளவு வசதி பாருங்கள். 'உடம்பைப் பேண வெளிக்கிட்டுட்டா' என்று யாராவது சொன்னால், 'டொக்டர் சொன்னவர்' என்று காகிதத்தைக் காட்டலாம். விதவைக்கு ஆசை கூடாது, மருந்து கூடும். ஜெர்மன் அதிகாரக் காகிதம் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் திரைச்சீலையாக உதவுகிற காட்சி, எனக்குப் பிடித்த காட்சி.

எசன் இதற்குத் தோதான ஊரும்கூட. ஜெர்மன் மொழியில் எசன் என்றாலே 'சாப்பிடு', ஊர்ப் பெயருக்கும் அதற்கும் உறவில்லை என்றாலும் வந்திறங்குகிற ஒவ்வொரு தமிழரும் இந்தப் பகிடியை ஒரு தடவையாவது விடாமல் இருப்பதில்லை. அந்த 'சாப்பிடு' ஊரில்தான் உலகப் பெரும் உடற்பயிற்சிக் கண்காட்சியான 'ஃபீபோ' 2012 வரை வருஷா வருஷம் நடந்தது, அப்புறம் கொலோனுக்குப் போனது. நாடெங்கும் கிளை விரித்த ஃபிட்எக்ஸ் ஜிம்களின் தலைமையகமும் இங்கேதான். என் நாயகி அங்கெல்லாம் போகமாட்டாள். கண்ணாடிச் சுவர் அவளுக்கு ஒத்துவராது. அவளுக்கு ஏரி.

ஓடத் தெரியாது என்பாள். அதை நம்ப வேண்டாம். எசனிலிருந்து கிழக்கே ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். தேருக்குப் பின்னால் ஆண்கள் தரையில் உருண்டு பிரதட்டை பண்ணுவார்கள், பெண்கள் அடியழிப்பார்கள். விழுந்து கும்பிட்டு, எழுந்து, ஓரடி வைத்து, மறுபடி விழுந்து என்று வீதி முழுக்க. ஜிம்மில் இதற்கு 'பர்ப்பி' என்று பெயர் வைத்து இருபதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நேர்த்திக்கு இருநூறு செய்த உடம்பு அவளுடையது. கடவுளுக்காக வேர்த்தால் பக்தி, பிள்ளைக்காக வேர்த்தால் தாய்மை. தனக்காக வேர்ப்பதற்குத்தான் அவளிடம் சொல் இல்லை.

இங்கே இந்த வகை நாவல்களோடு எனக்கு ஒரு சண்டை. பாதிக் கதையில் எடைக் கருவி வந்துவிடுகிறது. பத்துக் கிலோ குறைந்ததும் கதவு தட்டப்படுகிறது. மெலிந்ததற்குப் பரிசாகக் காதல் என்றால் அது பழைய நோன்பேதான், காலணி மட்டும் புதிது. என் நாயகி 14 கிலோமீட்டரைச் சுற்றி முடித்த பிறகும் அதே பிளவுஸ் அளவில்தான் இருப்பாள். படி ஏறும்போது மூச்சு வாங்காது, இரவில் தூங்குவாள், அவ்வளவு.

இன்னொரு சண்டை, படிப்படியாகத் துக்கம் தீர்கிறது என்ற நம்பிக்கை. எலிசபெத் க்யூப்ளர்-ராஸ் 1969இல் ஐந்து நிலைகளை எழுதியது சாகப் போகிறவர்களைக் கண்டு. பிழைத்திருப்பவர்கள் அதை ஏணியாக்கிக்கொண்டார்கள். நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் சொன்னது எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. துக்கப்படுகிறவர் ஊஞ்சல் போல அங்குமிங்கும் போய்வருகிறார். இழப்புக்குள் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்வுக்குள் கொஞ்ச நேரம். காலையில் ஓடிவிட்டு மாலையில் அவருடைய சட்டையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் அவள் பின்வாங்கிவிட்டாள் என்று பொருளில்லை.

சரி, அவன் யார்? பயிற்சியாளன் இல்லை. அது கிழிந்த சீட்டு. ரேஹா ஸ்போர்ட் குழுவில் எல்லோருக்கும் பின்னால் மெதுவாக வருகிற ஒருவர். எசனின் புகழ்பெற்ற சோல்ஃபராய்ன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடியது, 2001இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. பக்கத்து ஊரான பொட்ரோப்பில் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று மூடியபோது ஜெர்மனியின் கல்கரிக் காலமே முடிந்தது. அந்தக் கடைசிப் பணிமுறையில் நின்றவர்களில் ஒருவராக அவர் இருக்கட்டும். மனைவியை இழந்தவர். குழுவில் எல்லோரையும் முதல் நாளே 'டூ' என்று, அதாவது நீ என்று கூப்பிடுவார், அங்கே அது வழக்கம். இவள் 'ஸீ'யை விடமாட்டாள், நீங்கள்தான். ஜெர்மன் நாவலில் 'ஸீ' உதிர்ந்து 'டூ' பிறக்கிற இடம் காதல் கனியும் இடம். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அது பொருந்தாது. கணவரை வாழ்நாள் முழுக்க 'நீங்கள்' என்றவள் அவள். பெயர் சொல்லாமல் 'இஞ்சேருங்கோ' என்று மட்டும் கூப்பிட்டவள். ஆகவே அவளுக்குக் காதல் வந்த நாள், அணைக்கட்டுப் பக்கம் முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த மனிதரை நிறுத்த வாயைத் திறந்து, 'இஞ்சே...' என்று பாதியில் விழுங்குகிற நாள்.

இனிமேல் காகிதங்கள் குறுக்கே வரும். காதல் நாவல்களில் ஓய்வூதியத்தைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை என்று தெரியவில்லை, நிஜத்தில் பாதிப் பேச்சு அதுதான். ஜெர்மனியில் கணவர் இறந்த பிறகு முதல் மூன்று மாதம் அவருடைய ஓய்வூதியம் முழுதாக வரும். பிறகு இவள் வயதுக்காரிக்குப் பொதுவாக 55 சதவீதம். மறுமணம் செய்தால் அது நின்றுபோகும். ஒரேயடியாக இரண்டு வருஷத் தொகையைக் கையில் கொடுத்து, வாழ்த்துச் சொல்லி, கணக்கை மூடிவிடுவார்கள். இரண்டாவது கல்யாணமும் சாவிலோ விவாகரத்திலோ முடிந்தால் முதல் கணவரின் ஓய்வூதியத்தை மறுபடி கேட்கலாம் என்றும் சட்டத்தில் இடம் உண்டு. செத்தவர் திரும்பிவந்து கைகொடுக்கிற மாதிரி.

இதனால் இந்த நாடு ஒரு சொல்லைப் பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போர் விதவைகள். மறுமணம் செய்தால் பணம் போய்விடும் என்பதால் பலர் பதிவு செய்யாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள். வீட்டில் இருக்கிற அந்த மனிதரை என்னவென்று கூப்பிடுவது என்று பிள்ளைகள் கேட்க, 'மாமா என்று சொல்' என்றார்கள். 'மாமா கல்யாணம்' என்றே அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் விழுந்தது. 1950களில் பாதிரிமார் கண்டித்தார்கள், பத்திரிகைகள் விவாதித்தன, பெண்கள் பாட்டுக்கு வாழ்ந்தார்கள். நம் ஊரில் கலாசாரம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு வீட்டுக் கணக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தனியாக நிற்கப் பணம் இருந்தால் கதை வேறு. எசன் நகரமே அதற்குச் சாட்சி. ஹ்யூகல் நிறுத்தத்துக்கு மேலே குன்றில் 269 அறைகளோடு நிற்கிற மாளிகை ஒரு காலத்தில் க்ருப் குடும்பத்துடையது. அந்த எஃகுச் சாம்ராஜ்யத்தை ஆண்களின் கதையாகத்தான் சொல்வார்கள். ஹெலெனே அமாலியே க்ருப் 1757இல் கணவரை இழந்து, கடையைப் பெருக்கி, நூற்றாண்டு முடிவில் ஓர் இரும்பு ஆலையையே வாங்கினார். அவருடைய பேரன் எஃகு ஆலை தொடங்கிக் கடனோடு 1826இல் இறந்தபோது ஆலையை விடாமல் பிடித்தது அவன் விதவை தெரேசே, பக்கத்தில் பதினான்கு வயது மகன் ஆல்ஃப்ரட். 1902இல் இன்னொரு க்ருப் இறந்தார். மகள் சட்டப்படி உரிய வயதை எட்டும்வரை நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட விதவை மார்கரெத்தே, 1906இல் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்குமாக ஒரு குடியிருப்புக்கு அறக்கட்டளை எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய மார்கரெத்தன்ஹோஹெ இன்றும் ஊரின் அழகான பேட்டை. மூன்று விதவைகள் தாங்கிய சொத்து. என் நாயகி துப்புரவு வேலைக்குப் போகிறவள், அவளுக்கு 55 சதவீதம்தான் மாளிகை.

தமிழ் இலக்கியம் அவளுக்குத் துணை நிற்காது என்று சொல்லமுடியாது. அ. மாதவையா 1903இலேயே 'முத்துமீனாக்ஷி' நாவலில் பால்ய விதவையை மறுபடி மணக்க வைத்தார். ஜெயகாந்தனின் 'யுகசந்தி'யில் மழித்த தலையோடு வாழ்ந்த கௌரிப் பாட்டி, மறுமணம் என்று முடிவெடுத்த பேத்தி கீதாவின் பக்கம் போய் நிற்கிறாள். தமிழ்நாடு அரசு டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயரில் 1975 முதல் விதவை மறுமணத்துக்கு உதவித்தொகையே தருகிறது. ஜெர்மனி நிறுத்துகிற இடத்தில் தமிழ்நாடு கொடுக்கிறது, இதைக் கேட்ட ஜெர்மன்காரர் யாராக இருந்தாலும் வியப்பார். ஆனால் கவனியுங்கள், கதையானாலும் திட்டமானாலும் நாம் இரங்கியது இளம் விதவைக்கு. 'சின்ன வயசு, பாவம்' என்பதுதான் நியாயம். 49 வயதில், பேரன் பிறக்கப் போகிற நேரத்தில், பாவம் என்று சொல்ல முடியாத ஒருத்திக்கு விருப்பம் வந்தால்? கௌரிப் பாட்டியின் இடத்தில் இப்போது பிள்ளைகள் நிற்க வேண்டும். மகன் என்ன சொல்வான் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றும் பொய்யாக இருந்தன. மகள் மட்டும் ஒரு வரி சொல்கிறாள்: 'அம்மா, அப்பான்ட படத்தைக் கழட்டமாட்டீங்கதானே?' அவள் கழற்றமாட்டாள்.

மொழியும் சும்மா இருக்காது. தமிழில் 'ஓடிப்போனாள்' என்றால் யாரும் உடற்பயிற்சியை நினைப்பதில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் இதை வைத்துத்தான் எழுதுவேன்.

சனிக்கிழமை காலை. ஏரியைச் சுற்றிவிட்டு, நெற்றி வேர்வையோடு, அதே காலணியோடு தமிழ்க்கடைக்குள் நுழைகிறாள். வெள்ளியன்று வந்த காய்கறிப் பெட்டிகள் வாசலோரம். கடைக்கார அண்ணர் நிறுவையிலிருந்து தலையைத் தூக்குகிறார்.

'என்ன தங்கச்சி, விடியவே எங்க போட்டு வாறியள்?'

'ஓடிப்போட்டு வாறன் அண்ணை.'

அவர் கை நிறுவையில் நிற்கிறது. சிரிப்பா கேள்வியா என்று தெரியாத முகம்.

'ஆரோட?'

அவள் பெட்டியைக் கிளறி, நல்லதாகப் பார்த்து இரண்டு முருங்கைக்காய் எடுத்து நிறுவையில் வைக்கிறாள்.